முதல் சிலம்ப வகுப்புக்கு மூன்றாம் நாள்: ஓய்வா, நடையா, ஒத்தடமா, உருவலா, மாத்திரையா?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தினமும் காலை ஒரு மணி நேரம் நடக்கிறவர் ஒருவர். மூச்சு வாங்குவதில்லை, முழங்கால் வலியும் இல்லை. திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு சிலம்ப வகுப்பில் சேருகிறார். கம்பு கைக்கு வருவதற்கு முன்பே 60 பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி), பிறகு முழங்காலைப் பாதி மடக்கி அரை மண்டியில் நின்றபடி காலடி வரிசை. அன்று சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் காலை தொடையில் லேசான இறுக்கம். புதன்கிழமை மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்படுகிறது. தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை.

இத்தனை வருடம் நடந்தது வீணா என்று தோன்றும். வீணில்லை. நடை இதயத்தையும் நுரையீரலையும் பழக்கியிருக்கிறது. ஆனால் உட்காரும்போது உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்குகிற வேலை முன்தொடைக்குப் புதிது. தசை சுருங்கியபடி எடையைத் தூக்குவதைவிட, நீண்டபடி எடையைத் தாங்குவதுதான் உள்ளே இருக்கும் நுண்ணிழைகளை அதிகம் குலைக்கிறது. திருவந்திபுரம் ஔஷதகிரியில் ஹயக்ரீவரைப் பார்க்க 74 படி ஏறும்போது மூச்சு வாங்கும். பழக்கமில்லாதவர் அதையே நாலைந்து தடவை ஏறி இறங்கினால், மறுநாள் தொடையைப் பிடிப்பது பெரும்பாலும் இறங்கிய படிகள்தான்.

‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, உருவி வெளியேற்ற வேண்டும்’ என்பது இன்னும் எல்லா மைதானத்திலும் கேட்கிற பேச்சு. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். புதன்கிழமை வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. தசைக்குள்ளேயே நுண்ணிய கிழிசல் ஏற்படுவதால் வரும் வலி இது என்று தியோடர் ஹாஃப் 1902லேயே எழுதிவிட்டார். கிழிந்த இடத்தில் வீக்கம் வந்து, அங்குள்ள நரம்பு முனைகள் கூர்மையாவதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, 24 முதல் 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய், 5 முதல் 7 நாளில் வடிகிறது.

எதைச் செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும், ஏறக்குறைய அதே கணக்கில் இது ஆறிவிடும். அப்படியென்றால் ‘எது சீக்கிரம் குணமாக்கும்’ என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு மூன்று நாளை எப்படிக் கடத்துவது, எதைச் செய்து புதிய சிக்கலை வரவழைக்காமல் இருப்பது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

முதலில், இது அந்த வலிதானா?

இதைத் தாண்டிவிட்டு ஒத்தடத்துக்கோ எண்ணெய்க்கோ போகக் கூடாது. பயிற்சி வலி என்றால் இரண்டு தொடையிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அழுத்தினால் சதையின் நடுப்பகுதி வலிக்கும், மூட்டு வலிக்காது. சும்மா படுத்திருக்கும்போது பெரிதாகத் தெரியாது. எழுந்து பத்து நிமிடம் நடமாடினால் கொஞ்சம் இளகும்.

பயிற்சி நடக்கும்போதே ‘சடக்’ என்று பிடித்து, ஒரே இடத்தில் குத்தலும் கன்றிப்போன நீலமும் இருந்தால் அது தசைக் கிழிவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கலாம். அந்தக் காலை யாரிடமும் உருவக் கொடுக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலம்பத்தில் முன்கையும் வலிக்கும், அது இயல்பு. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் மட்டும் வலி என்றால் அது தசைநாண் சமாச்சாரம்; கம்பை இறுக்கிப் பிடிப்பதைக் குறைக்காமல் எந்தத் தைலமும் உதவாது.

கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு குழப்பம் சேரும். உடம்பு வலியோடு காய்ச்சல் இருந்தால் பஸ்கியைக் காரணம் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. டெங்குவுக்கு உடம்பு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் உண்டு. வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தவருக்கு வரும் எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலி தனி அடையாளமே. பயிற்சி வலியில் காய்ச்சல் வராது.

எல்லாவற்றையும்விட அவசரமானது, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போவது. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்தில் போய்ச் சேருகிறது என்று பொருள். தொடை கல்லாக வீங்கி, கையை ஊன்றினாலும் எழ முடியாத அளவு பலவீனமும் கூட இருக்கலாம். போட்டிக்காக 200, 300 பஸ்கி போட்டவர்கள், மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்தவர்கள் இதில் மாட்டுவார்கள். வீட்டு வைத்தியம் கிடையாது, வலி மாத்திரையும் கூடாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவோ, புதுச்சேரி ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே போய், தசைச் சிதைவைக் காட்டும் சிகே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு வாரம் தாண்டியும் வலி குறையவில்லை என்றால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம்; அதைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

முழு ஓய்வா, லேசான அசைவா?

முழு ஓய்வில் செலவில்லை, ஆபத்துமில்லை. அதன் ஒரே குறை, படுத்தே கிடந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் முதல் நாலு அடி நரகமாக இருக்கும். நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அப்படித்தான். தசை அசையாமல் இருந்தால் அந்த இறுக்கம் இன்னும் உறைந்துபோகும்.

லேசான அசைவு வலியை அப்போதைக்கு நன்றாகவே தணிக்கும். ஆனால் அந்தச் சுகம் நடக்கும்வரைக்கும், அதற்குப் பின் சிறிது நேரமும்தான். ஆறும் நாளை அது முன்னுக்குக் கொண்டுவராது. இது தெரியாமல், காலையில் நடந்து வலி விட்டதும் குணமாகிவிட்டதாக நினைத்து மாலையில் பூப்பந்து ஆடப் போகிறவர்கள் உண்டு. வலி குறைந்தாலும் தொடையின் பலம் திரும்பியிருக்காது. பலம் குறைவது பயிற்சி முடிந்த உடனேயே தொடங்கி, சில நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் திடீரென்று திரும்பினால் முழங்காலைப் பிடித்து நிறுத்தத் தசை துணைக்கு வராது.

எங்கள் முதல் தேர்வு அசைவுதான், ஆனால் அளவோடு. சமதளத்தில் 20 முதல் 30 நிமிடம், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகம். பீச் என்றால் சாலையோரம் நடங்கள். காய்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் போகும். இடுப்பளவு தண்ணீர் உடம்பின் பாதி எடையைத் தாங்கிக்கொள்ளும் என்பது சரிதான். அதற்காக இந்தக் கடலில் இறங்க வேண்டாம். கால் பலம் பாதியாக இருக்கும்போது அலை இழுத்தால் ஊன்றி நிற்க முடியாது. சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. பெடல் மிதிப்பதில் எடையைத் தாங்கி இறக்கும் வேலையே இல்லை. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, மேம்பாலம் ஏறாத வழியாகப் பார்த்துப் போங்கள்.

முழு ஓய்வை எப்போது எடுப்பது? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்றால் அன்று முழுக்க ஓய்வுதான். படி இறங்கும்போது கைப்பிடியை விடக் கூடாது. பைக் ஓட்டுகிறவர் கால் ஊன்றி வண்டியைத் தாங்க முடிகிறதா என்று வாசலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இழுத்து நீட்டுகிற பயிற்சி பற்றி இரண்டு வரி போதும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பாய்வின்படி, பயிற்சிக்கு முன்போ பின்போ நீட்டிவிடுவதால் குறைந்த வலி 100 புள்ளியில் ஏறக்குறைய 1 முதல் 4 புள்ளிதான். வலிக்கிற தொடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை.

சூடா, குளிரா?

தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரர்கள் ஐஸ் தொட்டியில் உட்காருவதைப் பார்த்து இதைக் கேட்கிறவர்கள் அதிகம். குளிர் குளியலுக்குச் சான்று உண்டு. சும்மா இருப்பதைவிட வலி குறைகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 10 முதல் 15 டிகிரி தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம். சிக்கல் நம் தண்ணீரில். மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலேயே 28 டிகிரி இருக்கும். போர் தண்ணீரும் கடல் தண்ணீரும் அந்தக் குளிர்ச்சியின் பக்கத்தில்கூட வராது. 28 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரை 15க்கு இறக்க ஏறக்குறைய 14 கிலோ ஐஸ் கரைய வேண்டும். உடம்புச் சூடும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் இரண்டு கிலோ. கடலூர் முதுநகரில் மீனுக்கு வைக்கும் ஐஸ் கிடைக்கும்தான். அது குடிக்கிற தண்ணீரில் செய்ததா என்று தெரியாது. வெறுங்காலில் காலடி வரிசை போட்டுப் பாதம் உரிந்திருக்கும்போது அதற்குள் காலை விடுவது நல்லதல்ல.

இத்தனையும் செய்ய வேண்டியது பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்குள். புதன்கிழமை ஐஸ் தேடுவது ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பதுதான். இன்னொன்று, பலம் கூட வேண்டும் என்றுதான் பயிற்சிக்கே போகிறோம். 12 வாரப் பலப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் குளிர் தண்ணீரில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாக இருந்ததை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாளைக்கே இன்னொரு ஆட்டம் இருக்கிற வீரருக்கு ஐஸ் பொருந்தும். வாரம் சில நாள் வகுப்புக்குப் போகிற குடும்பஸ்தருக்கு அந்த அவசரம் இல்லை. இதய நோய் உள்ளவர் பக்கமே போகக் கூடாது.

ஒத்தடம் நம் வீட்டில் இருக்கிற வழி, இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பொருத்தமானதும் கூட. இரண்டு கைப்பிடி கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்த பிறகே தொடையில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி வைக்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரு தொடைக்கு 10 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்யும். வாசனை மனசுக்கு இதம், சூடு சதைக்கு இதம். வெந்நீர் பை என்றால் துண்டு சுற்றாமல் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் ஒத்தடத்தைத் தவிர்ப்பதே மேல். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு அதிகம் என்று தெரியவரும். கத்திரி வெயிலில் யாருக்கும் ஒத்தடம் கேட்கத் தோன்றாது, அப்போது வெதுவெதுப்பான குளியலே போதும்.

உருவி விடுவது

வலி குறைப்பதில் மற்ற வழிகளைவிட முன்னால் நிற்பது இதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பாய்வும் மசாஜையே முதலிடத்தில் வைத்தது. ஆனால் யார் உருவுகிறார், எவ்வளவு அழுத்துகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வலிக்க வலிக்க உருவினால்தான் விடும்’ என்று கட்டை விரலை ஊன்றுகிறவரிடம் மாட்டினால், கிழிந்த இழைமேல் இன்னொரு கிழிசல். மறுநாள் தொடை நீலம் பாரிக்கும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால், உருவும்போது 4ஐத் தாண்டக் கூடாது.

வீட்டிலேயே செய்யலாம். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, முழங்காலுக்கு மேலிருந்து இடுப்பை நோக்கி, உள்ளங்கை முழுவதும் பதிய, ஒரு காலுக்கு 8 முதல் 10 நிமிடம். எண்ணெயா தைலமா என்பது முக்கியமில்லை, கை வழுக்கிப் போனால் சரி. முழங்காலுக்குப் பின்குழியையும் எலும்பையும் விட்டுவிடுங்கள். ஆள் இல்லையென்றால் சப்பாத்திக் கட்டை இருக்கிறதே. உட்கார்ந்து, தொடையைத் தளர்த்தி, முன்தொடைமேல் ஒரு நிமிடம் உருட்டி, அரை நிமிடம் விட்டு, இன்னும் இரண்டு முறை. காசு கொடுத்து வாங்கும் உருளைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சமையலுக்குத் திருப்பும் முன் கழுவினால் போதும்.

எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போவதில்தான் உண்மையான ஆபத்து. தொடை பலமில்லாத நாளில் வழுக்கினால் சமாளிக்க முடியாது. பாதத்தை மட்டுமாவது சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

மாத்திரை, தைலம், ஊசி

பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 6 மணி நேர இடைவெளியில், தேவைப்பட்டால் ஓரிரு வேளை. தூக்கம் கெடுகிற இரவுக்கு இது நியாயமான துணை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலியை இன்னும் நன்றாக அடக்கலாம், ஆனால் உடம்பிடம் விலையும் அதிகம் கேட்கும். வியர்வையில் தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை நெருக்கும், வயிற்றுப் புண்ணைக் கிளறும். ரத்த அழுத்த மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் அறவே கூடாது. முக்கியமாக, வகுப்புக்குப் போகும் முன் ‘வலி தெரியாமல் இருக்க’ ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். நிறுத்து என்று சொல்கிற குரலை நாமே அடைக்கிறோம்.

வலி ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். தானாக ஆறும் சதை வலிக்கு ஊசி அதிகப்படி என்பது எங்கள் கருத்து.

தேய்க்கும் தைலமும் ஸ்பிரேயும் தோலில் குளிர்ச்சியையோ எரிச்சலையோ கிளப்பி, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. அதுவும் ஒரு பயன்தான். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் மட்டும் வைத்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இது.

மஞ்சள் பால் கேட்பீர்கள். ஆய்வுகளில் கொடுத்தது பிரித்தெடுத்த குர்குமின், நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளில் இருப்பது ஏறக்குறைய 45. குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினால் பலன் தூக்கத்துக்குச் சேரும். அதைவிட, நாளைக்கு மூன்று வேளையும் முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு எது?

சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர், ஷிஃப்டுக்கு முன் 10 நிமிடம் மெல்ல நடந்து, இரவில் ஒத்தடமோ உருவலோ எடுத்துக்கொண்டால் போதும். மாத்திரை தேவைப்பட்டால் படுக்கும் முன். உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதே மருந்து. 60 வயது தாண்டியவருக்கு வலியைவிட விழுவதுதான் பயம்: இரவில் கழிப்பறைக்குப் போக விளக்கு, பிடிக்க ஒரு கைத்தடி, இரண்டு நாளைக்கு மேற்கத்தியக் கழிப்பறை. எண்ணெய் வேண்டாம், வெதுவெதுப்பான குளியல் போதும். பரிசுப் போட்டி இரண்டு நாளில் வைத்திருக்கிற இளைஞருக்கு மட்டும் ஐஸ் செலவு நியாயம், அதுவும் பயிற்சி முடிந்த அன்றே.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போவதா என்ற கேள்வி இதிலிருந்து தனி. ஒரு முறை இப்படி வலித்த தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே வலிக்கும். அந்தக் காப்பு சில வாரங்களாவது நிற்கும். மேலே சொன்ன எந்த ஒத்தடத்துக்கும் உருவலுக்கும் இந்தச் சக்தி இல்லை. அதனால் ஒரு மாதம் வகுப்பையே விட்டுவிட்டு மறுபடி 60இல் தொடங்குவது இருப்பதிலேயே மோசமான தேர்வு. வலி முழுசாகப் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

வெள்ளி காலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார முடிகிறதா? வலி பத்துக்கு 3க்குள் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் போகலாம். ஆசானிடம் முன்கூட்டியே சொல்லி, பஸ்கியை 8 வீதம் இரண்டு சுற்று, அரை ஆழம் மட்டும், கீழே போக இரண்டு விநாடி. அரை மண்டி வரிசைக்குப் பதிலாக நின்ற நிலையில் கம்பு சுற்றும் வரிசை. அடுத்த திங்கள் 10 வீதம் இரண்டு, அதற்கடுத்த வாரம் 10 வீதம் மூன்று, முழு ஆழம் அதற்குப் பிறகு. 60ஐத் தொட ஐந்தாறு வாரம் ஆகும். சோதனையில் தேறவில்லை என்றால் வெள்ளிக்கிழமையும் மைதானத்துக்குப் போகலாம், ஓரமாக உட்கார்ந்து கைவரிசையும் மணிக்கட்டுச் சுழற்சியும் பழகலாம். அதற்குத் தொடை தேவையில்லை.